படக் குழுவில் மரியாதை இடம்

சாரி-கப்கா என்கிற ஊரில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் மெதேர், ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், எவரையும் கேட்காமல் போனில் ஒரு குழு தொடங்கினான். பெயர் 'இன்றைய சாரி-கப்கா'. ஊரில் பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் சேரலாம். அன்றன்று எடுத்ததை மட்டும் போட வேண்டும், மெருகேற்றக் கூடாது. அவ்வளவுதான் விதி. இரண்டே விதியோடு ஒரு காரியம் நடந்துவிடும் என்று நம்பிய மனிதனை என்னவென்று சொல்வது? நான் அப்பாவி என்பேன். மாவட்ட அலுவலகம் வேறு வார்த்தை வைத்திருந்தது.

அவனுக்குப் படத்தின் மேல் பெரிய பித்து ஒன்றும் இல்லை. பித்தெல்லாம் மனைவி புரூல் மேல்தான். அவள் நான்கு வருடமாக மாஸ்கோவில் ஒரு தையல் கூடத்தில் இருக்கிறாள். கூடத்துக்காரர்கள் இப்போது புதிதாக ஐந்து வருட ஒப்பந்தம் ஒன்றை அவள் முன் வைத்திருந்தார்கள். நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது ஊருக்குத் திரும்ப வேண்டும்.

"திரும்பி வர்றதுக்கு அங்க என்ன இருக்கு, மெதேர்?" என்று ஜூலையில் போனில் கேட்டாள்.

"எல்லாம் இருக்கு. போட்டோ அனுப்புறேன், நீயே பாரு."

"நீ அனுப்புனா நான் நம்ப மாட்டேன்."

அதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டுச் சுவரைப் படம் எடுத்து அனுப்பினான். பக்கத்து வீட்டுக்காரி மறுநாளே அதே சுவர் முன்னால் சிரித்தபடி நின்று, தானும் இணையத்தில் ஒரு படம் போட்டுவிட்டாள். புரூல் அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசவில்லை.

"நான் பாக்குறேன்னு தெரியாம வேற யாராவது எடுக்கட்டும்," என்றாள். "அதைப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

அதனால்தான் குழு. முதலில் சேர்ந்தவன் கெமெல், மினிபஸ் ஓட்டுகிறவன், மெதேரோடு பள்ளியில் ஒரே பெஞ்சு. அப்புறம் ஒரு நர்ஸ், கணக்கு வாத்தியார், பால் வண்டிக்காரர் என்று பத்தே நாளில் நாற்பத்து மூன்று பேர். காயப்போட்ட ஆப்ரிகாட் பழம், பஸ் நிறுத்தத்தில் தூங்குகிற போலீஸ்காரர், சேற்றில் மாட்டிய லாரி என்று எதுவும் வரும். புரூலும் ஓசைப்படாமல் உள்ளே வந்திருந்தாள். ஒன்பதாம் நாள் நர்ஸ் போட்ட படத்தின் கீழே ஒரு வரி எழுதினாள்: "இந்த நீலக் கதவு யார் வீடு? நல்லாருக்கு."

மெதேர் அந்த வரியைப் பதினோரு தடவை படித்தான். கேள்வி கேட்கிறாள் என்றால் திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கிறாள். ஒரு ஃப்ரிட்ஜில் தப்பான வாயுவை அடைத்துவிட்டு, அந்த வீட்டுக்காரியிடம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

மறுநாள் கெமெல், பூங்காவின் புது நீரூற்றைப் படம் எடுத்துப் போட்டான். போன வருடம் பேண்டு வாத்தியத்தோடு திறக்கப்பட்ட நீரூற்று அது. தண்ணீர் மட்டும் இன்னும் வரவில்லை. தொட்டிக்குள் இரண்டு பசுக்கள் சுகமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. புரூல் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டாள், நான்கு வருடத்தில் முதல் தடவையாக.

அதற்கு அடுத்த நாள் மெதேருக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது.

பண்பாட்டுப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. எழுத்தர் அனார்கான் அக்கா முத்திரைகளை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் மாவட்டத் துணைத் தலைவர் ஷர்ஷென்பெக் அப்தில்தாயெவிச், பசுக்களின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"பசு அங்க எதுக்குப் போச்சு?"

"நிழலுக்குப் போயிருக்கும், ஐயா."

"பசு போனது தப்பில்ல. படம் போனதுதான் தப்பு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊத்துல தண்ணி இல்லைன்னு ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிறது வேற, தம்பி, பாக்குறது வேற. ஜனங்க தெரிஞ்சுக்கிட்டு அமைதியா இருக்காங்க. நீ ஏன் பாக்க வைக்கிற?"

மெதேர் தொப்பியைக் கழற்றினான். மன்னிப்புக் கேட்டான்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? நாங்க ஒண்ணும் தடுக்கலையே. நல்ல முயற்சி. முறையாப் பதிவு பண்ணிக்க. அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் போடக் கூடாது. பதிவு பண்ணாத இடத்துல படம் போடுறது, கல்யாணத்துக்கு முன்னாடி பிள்ளை பெத்துக்கிற மாதிரி."

மெதேர் அனார்கான் அக்காவின் எதிரே உட்கார்ந்தான். அவள் நல்லவள். நான்கு பக்கப் படிவத்தில் ஒரு கேள்வியைக்கூட விடாமல் கேட்டாள்.

"குழு எந்தக் கட்டடத்துல இருக்கு?"

"போன்லதான் இருக்கு, அக்கா."

"போன் எங்க இருக்கு?"

"என் சட்டைப் பையில."

"அப்ப முகவரி உன் வீடுதான். பெயர்ப்பலகை நீளம், அகலம்? சரி, அதை அப்புறம் அளந்துட்டு வா. தீப்பிடிச்சா வெளிய போக எத்தனை வழி?"

மெதேர் போனை எடுத்துப் பார்த்தான். "குழுவை விட்டு வெளியேறுன்னு ஒரு பொத்தான் இருக்கு."

"ஒண்ணுதானா? நாற்பத்து மூணு பேருக்கு ரெண்டு வழியாவது இருக்கணும், தம்பி," என்றாள் அக்கா உண்மையான கவலையோடு. "குழந்தைகளும் இருப்பாங்கல்ல."

தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்து மெதேரின் போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மணல் வாளி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் வேலைக்குப் போன வீட்டிலெல்லாம் மெதேர் மணல் வாளியோடு போனான். கெமெலுக்கு அதைவிட ஆனந்தம் வேறு இல்லை.

"ஃப்ரிட்ஜ் தீப்பிடிக்குமாடா? உன் பொழப்பே தீப்பிடிச்சுக் கிடக்கு," என்றான்.

செப்டம்பர் முடியும்போது புரூல் கூப்பிட்டாள். "குழுல எல்லாரும் செத்துட்டாங்களா?"

"பதிவு நடக்குது புரூல். இன்னும் கொஞ்ச நாள்."

"போட்டோ போடப் பதிவா? நீ மறுபடியும் என்னமோ மறைக்கிற."

"சத்தியமா இல்ல."

"சுவருக்கும் இப்படித்தான் சத்தியம் பண்ணின," என்று வைத்துவிட்டாள்.

மெதேர் கெமெலிடம் ஓடினான். கெமெல் ஒரு வழி சொன்னான்: இந்தக் குழு கிடக்கட்டும், வேறு பெயரில் ரகசியமாக இன்னொன்று தொடங்கிவிடலாம். தொடங்கினார்கள். ஐம்பது நிமிடம் ஓடியது. ஐம்பத்தோராவது நிமிடம் அனார்கான் அக்கா உள்ளே வந்து எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்னாள். சாரி-கப்காவில் நாற்பத்து மூன்று பேரைச் சேர்த்தால் பதினெட்டுப் பேர் அலுவலகத்துக்காரர்களின் மச்சினனாகவோ ஓரகத்தியாகவோதான் இருப்பார்கள். நர்ஸே அக்காவின் நாத்தனார். ரகசியக் குழு முதல் குழுவின் கிளை என்று அன்றே பதிவேட்டில் ஏறியது. கிளைக்குத் தனி மணல் வாளி.

அக்டோபர் ஐந்தாம் தேதி தொடக்க விருந்து. பண்பாட்டு மாளிகையில் ஆடு அடித்தார்கள். அங்கேதான் உண்மையான சிக்கல் கிளம்பியது. ஆட்டுத் தலை யாருக்கு என்பதில் சந்தேகம் இல்லை, மாவட்டத் தலைவருக்குத்தான். அவர் வாசலுக்கு நேர் எதிரே, தோர் என்கிற மரியாதை இடத்தில் அமர்ந்திருந்தார். தலையைக் கையில் எடுத்தவர், வழக்கப்படி முதலில் காதை அறுக்காமல் அப்படியே நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டார்.

"குழுவுல என்னோட தோர் எது?"

கறி ஆறத் தொடங்கியது. எவரும் கை வைக்கவில்லை. அவர் தொடங்காமல் யாரால் தின்ன முடியும்?

துணைத் தலைவர் எழுந்தார். "மேலே இருக்கிறதுதான் தோர், ஐயா. சந்தேகமே இல்ல."

"ஆனா படம் போடப் போட மேலே இருக்கிறது இன்னும் மேலே போய்க் காணாமப் போகுதே," என்றார் கணக்கு வாத்தியார். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"என்னைத் தள்ளிவிடுறாங்களா?" என்றார் மாவட்டத் தலைவர்.

வாசல் எது என்று தெரிந்தால்தான் தோர் எது என்று தெரியும் என்று பேச்சு தொடங்கியது. படமும் எழுத்தும் திரைக்குள் நுழைவது கீழே என்பதால் கீழ்தான் வாசல் என்று முடிவாக ஒரு மணி நேரம் ஆனது. ஆட்டுக் கொழுப்பு வெள்ளையாக உறைந்துவிட்டது. கடைசியில் துணைத் தலைவர் நெஞ்சில் கை வைத்துத் தீர்ப்பு சொன்னார்.

"தலைவர் படம் எப்பவும் உச்சியில குத்தி வெச்சிருக்கும். அது மட்டும் போதாது. தினமும் காலையில தலைவர் முதல்ல ஒரு படம் போடணும். அப்புறம் நான். அப்புறம் பிரிவுத் தலைவர்கள் வயசுப்படி. அதுக்கப்புறம் மத்தவங்க. நம்ம பெரியவங்க ரொட்டியைப் பிய்க்காம நாம பிய்ப்போமா? இணையத்துல பண்பாடு இல்லைன்னு வெளிநாட்டுக்காரன் சொல்றான். பாக்கட்டும். நான் முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒரு நாள்கூட என் மேலதிகாரிக்கு முன்னாடி ஒரு யோசனை யோசிச்சதில்ல. அதுதான் ஒழுங்கு."

கைதட்டினார்கள். குழு தொடங்கியவன் என்ற முறையில் மெதேருக்கு வாசல் பக்கம் இடம், அதாவது தேநீர் ஊற்றுகிறவன் இடம். அவனுடைய நிர்வாகப் பொறுப்பு அலுவலகத்து மூவர் குழு ஒன்றுக்குப் போனது.

திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட வேண்டும், வெட்ட வாசல் வேண்டும். தச்சர் ஒரு கதவு நிலையைச் செய்து மேடையில் தனியாக நிறுத்தினார். தலைவர் ரிப்பனை வெட்டி, நிலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய் நின்று, "உள்ளே வந்துட்டேன்," என்றார். அவருடைய ஓட்டுநர் பொத்தானை அழுத்த, தலைவர் மேசையில் அமர்ந்திருக்கும் படம் குழுவின் உச்சியில் ஏறியது. மாஸ்கோவில் புரூல் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அப்புறம் ஒரு வாரம் படங்கள் வந்தன. தலைவர் நாற்காலியில். துணைத் தலைவர் அதே நாற்காலிக்குப் பக்கத்தில். பிரிவுத் தலைவர்கள் பதினான்கு பேர், பதினான்கு நாற்காலி. தலைவர் பத்தரைக்கு எழுகிறவர். வரிசை இறங்கி வாசல் பக்கம் வருவதற்குள் பொழுது சாய்ந்து, படம் எடுக்க வெளிச்சம் இருக்காது.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி தலைவர் முதுகு வலிக்காக ஏரிக்கரை ஆரோக்கிய இல்லத்துக்கு நான்கு வாரம் போய்விட்டார். அங்கே மருத்துவர் போனை வாங்கி வைத்துக்கொண்டார். தோர் காலி. ஆகவே ஒருவரும் எதுவும் போட முடியாது.

மெதேர் இருபத்தொன்பதாம் தேதி வரை பொறுத்துவிட்டு, துணைத் தலைவர் முன்னால் போய் நின்றான். தொப்பியைக் கையில் பிசைந்தபடி எல்லாவற்றையும் சொன்னான். சுவரைப் பற்றிக்கூடச் சொன்னான்.

"மூணு நாள்தான் இருக்கு, ஐயா. வேற ஒண்ணும் வேண்டாம். நர்ஸ் ஒரு படம், வாத்தியார் ஒரு படம். ஊர் இருக்குன்னு அவ பாத்தா போதும். கால்ல வேணும்னாலும் விழறேன்."

துணைத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் மகளும் வெளிநாட்டுலதான் இருக்கா. ஏழு வருஷம். அவ பையனை நான் பாத்ததே இல்ல. ஒரு படமாவது கேட்டிருப்பேனா? மாட்டேன். பதவியில இருக்கிறவன் சொந்தத்துக்குக் கேக்கக் கூடாது." மெதேர் பக்கம் திரும்பினார். "நானே கேக்கல. உனக்கு எப்படிக் குடுக்க முடியும், சொல்லு?"

மெதேர் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினான். அவரைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது, அதுதான் கொடுமை.

முப்பத்தோராம் தேதி காலை கெமெல் வழக்கம்போல அவனை ஏற்றிக்கொள்ள வந்தான். ஹாரன் அடிக்கப் போனவன் வீட்டு ஜன்னல் வழியாக எதையோ பார்த்து, அடிக்காமல் போனை எடுத்தான். ஒன்பது பத்துக்குப் படம் குழுவில் இருந்தது. ஒன்பது பதினாலுக்கு இல்லை. ஒன்பது இருபதுக்குக் கெமெலும் குழுவில் இல்லை. பகலுக்குள் அவன் போனை விசாரணைக்கான பொருள் என்று ரசீது எழுதி எடுத்துக்கொண்டார்கள்.

"தலைவர் ரொட்டியைப் பிய்க்கிறதுக்கு முன்னாடி நான் பிய்ச்சுட்டேனாம்," என்றான் கெமெல்.

"எதைடா எடுத்த?"

"உன்னைத்தான். வேற என்ன அழகு இருக்கு இந்த ஊர்ல?"

மதிய இடைவேளையில் புரூல் குழுவைத் திறந்தாள். நீக்கப்பட்டது என்ற குறிப்புதான் இருந்தது. "அது என்ன படம்?" என்று எழுதினாள். பதிவுக்குப் பிறகு உறுப்பினர் ஒருவர் எழுதிக் கேட்ட முதல் கேள்வி என்பதால் அதற்கு வரிசை எண் போட்டார்கள், எண் ஒன்று. பதிலளிக்கப் பதினைந்து வேலை நாள்.

மெதேர் அவளைக் கூப்பிட்டான். "அது நான்தான் புரூல். காலையில நான் உக்காந்திருந்ததை எடுத்திருக்கான்."

"நீ சொல்லாத."

"கெமெலைக் கேளு."

"கெமெல் உன் ஆளு. நீ சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்லுவான்." அவள் விடவில்லை. "எடுத்தவுடனே எதுக்கு அழிக்கணும்? என்ன இருந்துச்சு அதுல? எடுத்தவங்க சொல்ல வேண்டாம், அழிச்சவங்க சொல்லட்டும்."

ஒன்றாம் தேதி வந்தது, போனது. மெதேர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பதில் தெரிந்துவிடுமே என்று பயந்தான்.

நவம்பர் இருபதாம் தேதி அனார்கான் அக்கா அவனை வரச்சொன்னாள். பதில் தயார், மூன்று முத்திரையோடு அன்று காலைதான் குழுவிலும் ஏற்றியிருந்தார்கள். தலைவர் திரும்பி வந்து தோரில் படம் போட்டுவிட்டார் என்பதால் தடை ஏதும் இல்லை. அக்கா தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உறுப்பினர் புரூல் அவர்களின் கேள்வி எண் 1 குறித்து. நீக்கப்பட்ட படத்தை மூவர் குழு ஆய்வு செய்தது. படத்தில் காணப்படுவன: ஆண் ஒருவர், வயது சுமார் நாற்பது, சவரம் செய்யாதவர். மேசை ஒன்று. ரொட்டி ஒன்று, பிய்க்கப்படாதது. கிண்ணம் இரண்டு. ஒன்று மேற்படி நபரின் கையில் உள்ளது. மற்றொன்று எதிரில், ஆளில்லாத பக்கம் வைக்கப்பட்டு, பாதிக்கும் குறைவாகத் தேநீர் ஊற்றப்பட்டுள்ளது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், மேற்படி நபர் நான்கு ஆண்டுகளாகத் தினமும் காலையில் இவ்வாறே செய்துவருவதாகத் தெரியவருகிறது. நிகழ்ச்சி எதுவும் நடைபெறவில்லை. முக்கியஸ்தர் எவரும் இல்லை. எனவே, படத்தில் பார்க்கத்தக்கது எதுவும் இல்லை."

அவன் இரண்டாம் தடவை படிக்கும்போது போன் அடித்தது. புரூல். பின்னால் தையல் இயந்திரங்கள் இரைந்தன.

"பாதிக்கும் கம்மியாவா ஊத்துவ?" என்று கேட்டாள்.

"ஆமா."

சாரி-கப்காவில் தேநீர்க் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். உட்கார், மறுபடி ஊற்றுகிறேன் என்கிற ஆளுக்குத்தான் கொஞ்சமாக ஊற்றுவார்கள். இதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நீ சொல்லவே இல்லையே, மெதேர்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. "மாட்டேன்," என்றாள். "ஒண்ணாம் தேதி சாயங்காலம் வரைக்கும் குழுவையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஆபீஸைப் பூட்டப் போறோம்னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அஞ்சு வருஷமா?"

"அஞ்சு வருஷம்."

யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போன் நின்றது.

அனார்கான் அக்கா தேநீர்க் குவளையை ஓரமாக நகர்த்தி, பேனாவை நீட்டினாள். "கேள்வி கேட்டவங்க வெளிநாட்டுல இருந்தா, உள்ளூர்ல இருக்கிற சொந்தக்காரங்க போடலாம், தம்பி. 'பதில் திருப்தி'ன்னு எழுதிக் கையெழுத்து. மூணு பிரதி. கெடுவுக்குள்ளயே முடிச்சுட்டோம்னு மேலே அனுப்பணும்."

மெதேர் பேனாவை வாங்கினான். முதல் பிரதியில் எழுதினான். இரண்டாவதிலும் எழுதினான். மூன்றாவதில் எழுத்து கோணிவிட்டது. அக்கா அதைக் கிழித்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, நிதானமாக எழுதச் சொன்னாள்.